திருச்செந்தூர் கடற்கரை மடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

நம் ஊர்த் தலைக்கட்டுதாரர்கள் அனைவருக்கும் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

திருச்செந்தூர் கோவிலுக்குப் போகும்போது நம் ஊரார் தங்கும் மடத்து வேலை முடிந்துவிட்டது. கந்த சஷ்டிக்கு முதல் குடும்பங்கள் வந்து தங்கிவிட்டும் போனார்கள். போட்ட மதிப்பீடு 38 லட்சம். ஆன செலவு 44 லட்சத்து 60 ஆயிரம். கூடுதலான 6 லட்சத்து 60 ஆயிரம் எங்கே போனது என்று நான்கு மாதமாகப் பேச்சு ஓடுகிறது. என் காதுபடவும் பேசினார்கள். கணக்கு முடியாமல் வாய் திறக்கக் கூடாது என்று இருந்தேன். இப்போது முடிந்துவிட்டது, சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இடித்துவிட்டு ஏசி அறைகளோடு லாட்ஜ் மாதிரி கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள், குறிப்பாக வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடிக்காமல் பழுது பார்ப்பது என்பது மூன்று கூட்டத்தில் பேசி, கை தூக்கி எடுத்த முடிவு. காரணத்தை மறுபடி எழுதுகிறேன்.

மடம் கட்டிய ஆண்டுக்குக் கல்வெட்டு கிடையாது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1923-இல். அதற்கும் முன்னால் நம் ஆட்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய இடம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காளைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி பின்கட்டில் இன்னும் கிடக்கிறது. பனையேறிப் பிழைத்த ஊர் நம்முடையது. பதநீர் இறங்கும் மாதங்களில் ஆண்களுக்குப் பனை, பெண்களுக்கு அடுப்பு. விடிந்ததிலிருந்து பனந்தோப்புக் குடிசையில் புகைக்குள் உட்கார்ந்து காய்ச்ச வேண்டும். ஆவணித் திருவிழா வரும்போது பதநீர் ஓய்ந்திருக்கும். அரிசி, பருப்பு, கருப்பட்டி, பாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து பத்து நாள் கடலோரம் இருப்போம். மதியச் சோறு பொது உலை. அதை வைப்பது ஆண்கள் பொறுப்பு என்பது முன்னோர் ஏற்படுத்திய வழக்கம். என் அம்மா கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, தாழ்வாரத்தில் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் சும்மா இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தத் தாழ்வாரத்தை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

மனம் மட்டும் காரணமில்லை. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவதென்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். இடித்தபின் இதே அளவுக்குக் கட்ட அனுமதி கிடைக்கும் என்று நாம் கேட்ட பொறியாளர்கள் யாரும் உறுதி சொல்லவில்லை. இருப்பதைப் பழுது பார்ப்பதே பத்திரம் என்றார்கள்.

அப்புறம் 2023 டிசம்பர் மழை. 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் மடத்தைப் போய்ப் பார்த்தோம். நம் அப்பாக்கள் காலத்தில் பின்கட்டில் போட்ட கான்கிரீட் கூரையில் கம்பி துருவேறி ஊதி, காரை பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. கடல் பக்கச் சுவரில் பின்னாளில் பூசிய சிமென்ட் மொத்தமாகக் கழன்றிருந்தது. உள்ளே இருந்த பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் அப்படியே நின்றன. முன்கட்டின் பழைய தட்டைக் கூரையான மட்டப்பாவில் நாலு இடத்தில் ஒழுக்கு, அவ்வளவுதான். எதைக் காப்பாற்ற வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பதை அந்த மழை எங்களுக்குக் காட்டிவிட்டது.

ஆகவே சுண்ணாம்பு வேலை என்று முடிவானது. இனி ஒப்பந்தக்காரர் விஷயம்.

அவர் என் மைத்துனருக்குப் பங்காளி முறை. மூன்று பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள். இவருடையது குறைவு. கவர் பிரித்த அன்றே உறவைச் சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே போனேன். மற்ற ஆறு பேரும்தான் முடிவு செய்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. சுவர், கூரை, பூச்சு எல்லாம் சேர்த்து 25 லட்சம். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதினோம்: நீற்றிய சுண்ணாம்பு, ஆற்று மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். சிமென்ட் ஒரு கரண்டிகூடக் கூடாது. கருப்பட்டியை நம் ஊரே கொடுத்தது.

முதல் மூன்று மாதம் குறை இல்லை. ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. 2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூர் முருகன் கோவில் கும்பாபிஷேகம். 2009-க்குப் பிறகு நடப்பது. அதற்குள் மடம் திறக்க வேண்டும் என்று நாம் எல்லோருமே அவரை நெருக்கினோம். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. சுண்ணாம்புப் பூச்சு அவசரத்துக்கு வராது. ஒரு கை பூசி, நாள்தோறும் நனைத்து, காற்றை வாங்கி அது மெல்ல இறுக வேண்டும். அப்புறம்தான் அடுத்த கை.

மே மாதம் ஒரு காலை. நம் கமிட்டியில் மூத்தவர், நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்த பெரியவர், முந்தின நாள் பூசிய கடல் பக்கச் சுவரில் நகத்தால் கீறினார். கீறல் விழவில்லை. "இது சுண்ணாம்பு இல்ல தம்பி" என்றார். பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் சிமென்ட் மூட்டைகள் இருந்தன. கேட்டதற்கு, கொஞ்சம் கலக்காவிட்டால் நிற்காது, கும்பாபிஷேகத்துக்கு முடியாது, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஒப்பந்தக்காரர்.

யாருக்குத் தெரியும் என்றால், பத்து வருடத்தில் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். உப்புக் காற்று ஈரத்தைச் சுவருக்குள் கொண்டுவரும். சுண்ணாம்பு என்றால் அந்த ஈரம் வெளியே போய்விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு பூத்து, பூச்சைத் தள்ளி, கடைசியில் செங்கல்லையும் பொடியாக்கும். மழையில் கண்ணால் கண்டதையே மறுபடி காசு கொடுத்துச் செய்ய முடியாது.

அன்று மாலையே கூடி, பூசியதை உரிப்பது என்று தீர்மானித்தோம். ஏழில் இரண்டு பேர் ஒப்பவில்லை. கும்பாபிஷேகம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒப்பந்தக்காரர் ஆட்களோடு கிளம்பிவிட்டார், சாரக் கம்புகளையும் அவிழ்த்துக்கொண்டு போனார். பாக்கி 3 லட்சத்து 20 ஆயிரம் வர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான்கு முறை பஞ்சாயத்து பேசினோம். நல்லபடியாக முடித்த கூரை வேலைக்கு உரிய 1 லட்சத்து 40 ஆயிரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்து எழுதிக் கொடுத்தார். அது 25 லட்சத்துக்கு உட்பட்டதே. என் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்கு இந்த வருடம் எனக்குப் பத்திரிகை வரவில்லை. வீட்டில் என் மனைவி அழுதது எனக்குத்தான் தெரியும். உறவுக்காரனுக்குக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டான் என்று பேசியவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை அழைத்து வந்து உரித்துப் பூசியதற்கு, ஏற்கெனவே கொடுத்தது போக, கூடுதலாக 4 லட்சத்து 10 ஆயிரம். மட்டப்பாவைப் பிரித்தபோது இரண்டு தேக்கு உத்திரங்கள் செல்லரித்திருந்தன. மாற்ற 1 லட்சத்து 30 ஆயிரம். கழிப்பறைத் தொட்டியைப் பெரிதாக்க 1 லட்சத்து 20 ஆயிரம். கூட்டினால் 6 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு மேல் ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை.

கும்பாபிஷேகத்துக்கு மடம் இல்லாமல் போனது உண்மை. லாட்ஜில் பல மடங்கு வாடகை கொடுத்தவர்களிடமும், கைக்குழந்தையோடு கடற்கரை மணலில் இரவைக் கழித்தவர்களிடமும் கமிட்டி சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

மின்சாரம், தண்ணீர்க் குழாய், கதவு ஜன்னல், வர்ணம், பெயர்ப்பலகை எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. பொது உலை அடுப்படியை எடுக்கவில்லை, புகைபோக்கி மட்டும் உயர்த்தினோம்.

வரவு: 212 தலைக்கட்டு, தலைக்கு 5,000 வீதம் 10 லட்சத்து 60 ஆயிரம். ஒருவர்கூட பாக்கி இல்லை. நன்கொடை 31 லட்சத்து 50 ஆயிரம். பெயர்கள் முழுதும் கல்வெட்டில் உள்ளன. ஆனாலும் இங்கே சொல்லாவிட்டால் மனம் ஆறாது. உத்திரங்கள் இரண்டும் மச்சு வீட்டார் உபயம். மதில், கிணற்றடி வீட்டு அண்ணன் தம்பி நால்வர். தாழ்வாரத் தரை, மும்பையில் இருக்கும் நம் பிள்ளைகள். லாட்ஜ் கேட்டவர்களும் அவர்களே, கேட்டது நடக்காதபோதும் கொடுத்ததைக் குறைக்கவில்லை. பாத்திரங்கள் கோயம்பேட்டு மண்டி அண்ணாச்சி. கதவுகள் மேலத்தெரு வாத்தியார் குடும்பம். விளக்குகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் தம்பிகள். பிள்ளையார் மாடம் கீழத்தெருப் பலசரக்குக் கடைக்காரர், தன் தாயார் நினைவாக. பாய்கள் அறுபது, மகளிர் குழு. சுண்ணாம்புக்கான கருப்பட்டி, இன்றும் காய்ச்சும் பதினோரு வீட்டார். அவர்களில் மூன்று பேர் தாங்கள் மடத்தில் தங்கியே முப்பது வருடமாகிறது என்றார்கள். கந்த சஷ்டிக்கு முதல் அறை அவர்களுக்குத்தான் கொடுத்தோம்.

குறைந்த 2 லட்சத்து 50 ஆயிரத்தை ஊர்க்கோவில் பொது நிதியிலிருந்து கைமாற்றாக எடுத்திருக்கிறோம். வட்டி இல்லை. மாசித் திருவிழாவிலும் ஆவணித் திருவிழாவிலும் வரும் அறைக் காணிக்கையிலிருந்து இரண்டு வருடத்தில் திருப்பிவிட வேண்டும் என்று தீர்மானம். நம் ஊர்க் குடும்பத்துக்கு நாளைக்கு 200 ரூபாய். பனையேறும் வீட்டாருக்கு எப்போதும்போல் இலவசம்.

ரசீதுகளும் வங்கிப் புத்தகமும் ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒரு மணி வரை ஊர்க்கோவில் அலுவலகத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து புரட்டலாம், நானும் அங்கே இருப்பேன். இன்னொன்று: கடல் பக்கச் சுவருக்கு ஒவ்வொரு வருடமும் மாசிக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் செலவு. இந்த முறை வரக்கூடியவர்கள் தை முடிவதற்குள் பெயர் கொடுங்கள். இதுவரை ஒன்பது பேர் கொடுத்திருக்கிறார்கள், இருபது பேர் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி