காலாண்டு லீவுக்கு முன்னாடி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அப்பா அம்மா, வாப்பா உம்மா எல்லாருக்கும் வணக்கம்.

காலாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. கபடியில பசங்க வட்டார அளவுல ரெண்டாவது, கலைத் திருவிழாவுல வில்லுப்பாட்டுக்குப் பரிசு, மூணாம் வகுப்பு புள்ளைக தடங்கலில்லாம வாசிக்குதுக, எல்லாருக்கும் வாழ்த்துக்கள்.

சரி, இப்ப ஒரு விஷயம், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. காது.

போன வாரம் இன்டர்வெல்ல ஆறாம் வகுப்பு பையன் ஒருத்தன் காதப் பொத்திக்கிட்டு என் ரூமுக்கு வந்தான், ரத்தம் கழுத்து வரைக்கும் கோடா இறங்கியிருக்கு. என்னடான்னு கேட்டா, படகு நிக்கிற துறைமேடையில இருந்து கடல்ல குதிச்சு குளிச்சதுல காது அடைச்சிருச்சாம், பக்கத்துல இருந்தவன் ஊக்க விட்டு குறும்பி (காது அழுக்குன்னு சொல்றோமே, அது) எடுத்திருக்கான். நல்ல வேளை காது ஜவ்வுல படல, தோல்தான் கிழிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு பையெல்லாம் பாத்தோம், பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், ஒருத்தன்கிட்ட கோழி இறகு கூட இருந்துச்சு.

என் தப்பையும் சொல்லிடுறேன். நாலாம் வகுப்புல ஒரு புள்ள, கூப்பிட்டா திரும்பாது, டிக்டேஷன்ல பாதி வார்த்தைய விட்டுரும், கவனமே இல்லன்னு நானே ரெண்டு தடவ சத்தம் போட்டுட்டேன். ஸ்கூலுக்கு வந்த டாக்டரம்மா லைட் அடிச்சுப் பாத்துட்டு ரெண்டு காதும் அடைச்சிருக்கு சார்னாங்க. சுத்தம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு அது என்கிட்ட வந்து "சார், ஃபேன் சத்தம் போடுது"ன்னுச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கன்னு தெரியல.

குறும்பி அழுக்கு இல்லங்க. காதுக்குள்ள தூசி, கிருமி போகாம, தோல் காயாம இருக்க உடம்பே சுரக்குறது. நாம மெல்லுறப்ப பேசுறப்ப தாடை அசைய அசைய, அது தானா வெளிய வந்துரும், அலை பாசிய கரையில ஒதுக்குற மாதிரி. நாம பட்ஸ விட்டு, ஒதுங்குனத திரும்ப உள்ள தள்ளுறோம், பட்ஸ் நுனியில ஒட்டி வர்ற கொஞ்சத்தப் பாத்துட்டு சுத்தமாயிருச்சுன்னு நெனைக்கிறோம். பெரியவங்களுக்கே காதுக்குழி ரெண்டரை சென்டிமீட்டர்தான், அதுக்கப்புறம் வெங்காயச் சருகு மாதிரி ஜவ்வு. உள்ள இறுகின குறும்பி தண்ணி பட்டா ஊறி உப்பிரும், அதான் முங்கி எந்திரிச்சதும் அடைக்கிறது. கடல்ல முங்கி பாசி எடுக்கப் போற அம்மாமாருக்கும் சேத்துதான் சொல்றேன்.

அடைச்சா என்ன செய்யன்னா, டாக்டர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ (பி.ஹெச்.சி.) கேட்டு குறும்பிய எளக்குற சொட்டு மருந்து வாங்குங்க. ஒருக்களிச்சுப் படுக்கவச்சு அவங்க சொன்ன அளவு விட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கணும், பொதுவா மூணுல இருந்து அஞ்சு நாள் விடச் சொல்வாங்க. முதல்ல ஊறி இன்னும் அடைச்ச மாதிரி இருக்கும், பதறாதீங்க. அதுக்கும் வரலன்னா டாக்டரே உடம்புச் சூட்டுத் தண்ணி பீச்சியோ, மெஷின்ல உறிஞ்சியோ எடுத்துருவாங்க. ஆனா சீழ், ரத்தம், கடுமையான வலி, இல்ல ஜவ்வுல ஓட்டைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு சொட்டு கூட விடாம நேரா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிருங்க. பட்டன் பேட்டரி காதுக்குள்ள போயிட்டாலும் அப்படித்தான், அன்னைக்கே, அப்பவே.

இப்ப கொஞ்சம் கோவமா சொல்றேன், மன்னிச்சுக்கங்க. காய்ச்சின எண்ணெயில பூண்டு போட்டு சூடா ஊத்துறத இன்னையோட நிறுத்துங்க. உங்கள்ல ஒருத்தர் போன் பண்ணி "எங்க ஆத்தா காலத்துல எல்லாம் இப்படித்தான் சார்"னு சொன்னாங்க, அந்த ஆத்தாவுக்கே இப்ப காது கேக்கலன்னு அவங்கதான் அடுத்த வரியில சொன்னாங்க. லீவு முடிஞ்சு பையில பட்ஸ், ஊக்கு இருந்தா வாங்கி வச்சுக்குவோம், நீங்க நேர்ல வந்துதான் வாங்கிட்டுப் போகணும்.

திட்டுறேன்னு நெனைக்காதீங்க. விடியக்காலை கரைக்குப் போயிட்டு வந்து, தூங்காம புள்ளைகள குளிப்பாட்டி அனுப்புறீங்க, எங்களுக்குத் தெரியும். குளிச்சதும் தலையச் சாய்ச்சு தண்ணிய வடியவிட்டு துண்டு நுனியால வெளிமடல மட்டும் தொடைங்க, அது போதும். அன்னைக்கு அந்தப் பையன பைக்ல ஏத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின ஆட்டோக்கார அண்ணனுக்கும், சத்துணவு அக்காவுக்கும் ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு: ஆபீஸ் ரூம்ல ஏழு டிபன் பாக்ஸ் மூடி கிடக்கு, யாரோடதுன்னு வந்து பாருங்க.