பருவ நிறைவு: பெற்றோருக்குச் சில செய்திகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, ஓவியக் கண்காட்சி, மாறுவேடப் போட்டி எல்லாம் சிறப்பாக நடந்தன. பங்கேற்ற பிள்ளைகளுக்கும் உழைத்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள். விடுமுறை நாட்கள் டைரியில் உள்ளன.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை, வாரம் ஒரு படக்கதைப் புத்தகமும் ஒரு வாசிப்பு அட்டையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். குழந்தையோடு உட்கார்ந்து சத்தமாக வாசித்த நாளில் நீங்கள் அட்டையில் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

போன வாரம் அட்டைகளை நானே புரட்டிப் பார்த்தேன். சிலவற்றில் ஒரு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. ஒன்றில் அடுத்த வியாழக்கிழமைக்கும் கையெழுத்து ஆகிவிட்டது! அந்தப் பிள்ளையிடம், "கதையில யானை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். "தெரியலை மிஸ். அப்பா கையெழுத்துப் போட்டாரு" என்றான். அப்போது சிரித்துவிட்டேன். பிறகு யோசித்ததில்தான் இந்தக் கடிதம்.

களைத்து வீடு திரும்புகிறீர்கள், தெரியும். ஆனால் படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். பத்து நிமிடம் போதும். சில வீடுகளில் கதையை போனில் வீடியோவாகப் போட்டுக் கொடுத்துவிடுவதாகப் பிள்ளைகளே சொல்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூனையைக் குழந்தை கண்டுபிடிக்கும்வரை வீடியோ காத்திருக்காது. நீங்கள் காத்திருப்பீர்கள்.

பக்கத்தைக் குழந்தையே திருப்பட்டும். எழுத்துக் கூட்டச் சொல்லிச் சோதிக்க வேண்டாம், அது எங்கள் வேலை. "இது ஏன் அழுகிறது? அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். குழந்தை "நாய்" என்றால், "ஆமாம், மழையில் நனைந்த நாய்" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் இப்படிக் கேட்டுக் கேட்டு வாசித்த வீடுகளின் குழந்தைகள், வழக்கம்போல் வாசித்த வீடுகளின் குழந்தைகளைவிடப் பேச்சில் முந்தியிருந்தார்கள். அதுவும் மூன்று வயதுகூட நிறையாத குழந்தைகள். சரளமாக வாசிக்க வராதவர்கள் படத்தைப் பார்த்துக் கதை சொன்னாலும் சரி. தாத்தா பாட்டி சொன்னாலும் சரி. நேற்றைய கதையையே இன்றும் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிக்காத நாளுக்குக் கையெழுத்து வேண்டாம். நாளைக்கு மதிப்பெண் அட்டையில் அந்தப் பிள்ளையே உங்கள் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்தால், நீங்களும் நானும் எந்த முகத்தோடு கேட்பது? முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதற்காக யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டோம்.

பக்கம் கிழிந்தாலும் பயப்படாமல் கொடுத்தனுப்புங்கள், ஒட்டிக்கொள்கிறோம். கிழியாமல் இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்ட மட்டும் வேண்டாம்.

இரவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது அவள் மடியில் விரித்திருக்கும் புத்தகத்தை வாசிப்பதாக அட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தார். அவருக்கும், இந்தப் பருவம் முழுக்க இப்படி நேரம் ஒதுக்கிய உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று, புதிய அட்டையும் புதிய புத்தகமும் பையில் வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்