கே-பால்ஸை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க உணவு பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் பர்கரும் பீட்சாவும்தான் இருந்தன. நியூ ஆர்லியன்ஸின் கே-பால்ஸ் லூசியானா கிச்சன் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

1979-இல் பால் ப்ரூடோமும் கே ஹின்ரிக்ஸும் தொடங்கிய உணவகம் அது. ப்ரூடோம் லூசியானா கிராமத்துக்காரர், 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. கனடாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் விரட்டப்பட்ட அகாடியப் பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்த நாட்டுப்புறச் சமையல் கேஜன். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைப்பக்குவம் கலந்த நகரச் சமையல் கிரியோல். இரண்டையும் அவர் தயங்காமல் ஒரே அடுப்பில் ஏற்றினார். ஆரம்பத்தில் முன்பதிவு கிடையாது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். அப்படியும் தெருவில் வரிசை நின்றது!

காரணம், கருக்கிய ரெட்ஃபிஷ். மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலா தூவி, புகையப் புகையக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் போடுவார்கள். நாடெங்கும் உணவகங்கள் இதைப் பின்பற்றின. தேவை எகிறியதில் மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீன் வேகமாகக் குறைந்து, 1980-களிலேயே வணிகப் பிடிப்புக்குத் தடைகள் வந்தன. ஒரு சமையல் குறிப்பு கடலையே பாதித்த இந்தப் பகுதியைத்தான் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும்.

ப்ரூடோம் 2015-இல் காலமானார். கொரோனா காலத்தில், 2020-இல், உணவகமும் மூடப்பட்டது. இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை