பெட்டியின் முன்பக்கத்தில் சர்க்கரையைச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து, காலை உணவாக விற்கும் ஃப்ளேக்ஸ், ஓட்ஸ் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ், கடைப் பலகையில் மலையாளம். பிள்ளைகளில் பலர் தமிழ் மீடியத்தில் படிக்கிறார்கள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் தினமும் காலை ஆறு மணிக்கு இருபது பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள், ஓடப் பழக்குகிறேன்.

அவர்களில் ஒருவன் நானூறு மீட்டர் ஓடுகிறவன். நல்ல கால். ஆனால் பத்து மணிக்கெல்லாம் வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று டீச்சர் சொன்னார். காலையில் என்னடா சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "சாக்லேட் ஃப்ளேக்ஸ் மாஸ்டர். அதுல விட்டமின், இரும்புச் சத்து எல்லாம் இருக்கு" என்றான். அவன் அப்பாவும் அம்மாவும் ஆறரை மணி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். பாட்டிதான் பாலைக் காய்ச்சி ஊற்றிக் கொடுக்கிறார்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன், பாட்டியும் கூடவே வந்துவிட்டார். முன்பக்கத்தில் ஒரு பையன் காற்றில் தாவுகிறான், பக்கத்தில் கோதுமைக் கதிர், ஒரு டம்ளர் பால். "ஓடற பையனுக்கு நல்லதுன்னுதானுங்க படம் போட்டிருக்குது" என்றார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். பெட்டியின் பின்பக்கம் இருப்பதோ எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கிலம்.

மூவருமாக மளிகைக் கடைத் தராசுக்குப் போனோம். ஒரு வேளைக்கு 30 கிராம் என்று பெட்டி சொல்கிறது. 30 கிராமை எடை போட்டுக் கிண்ணத்தில் கொட்டினால் அடி மறையவில்லை. "தினமும் போடற மாதிரி போடுங்கம்மா" என்றேன். அவர் போட்டது 85 கிராம். 100 கிராமில் 32 கிராம் சர்க்கரை என்று பின்பக்கம் எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் அந்தக் கிண்ணத்தில் மட்டும் 27 கிராம். கடைக்காரரிடம் சீனி வாங்கி, ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் அள்ளிப் போட்டேன். ஏழாவது ஸ்பூன் போடும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை சீனிய என் கையால அள்ளிப் போட்டிருப்பனா, மாஸ்டர்?" பாலில் அவர் தனியாகப் போடும் சீனியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம். எங்கள் பையன் அதைக் காலை எட்டு மணிக்கே தாண்டிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் மட்டுமல்ல. கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று இட்லியை விட்டுவிட்டுத் தேன் கலந்த முஸ்லிக்கு, அதாவது ஓட்ஸும் உலர்பழமும் கலந்த பாக்கெட் உணவுக்கு, மாறினாள். இரண்டு மாதம் ஆகியும் எடை இறங்கவில்லை. பெட்டியின் முன்னால் மெல்லிய இடுப்பும் அளவுநாடாவும் இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? உலர்ந்த தானியம் எதுவானாலும், ஓட்ஸோ ராகியோ சோளமோ, 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 முதல் 400 கலோரி. ஒல்லியாக்கும் தானியம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் வயிறு தாங்குகிறது, எவ்வளவு அள்ளிப் போடுகிறோம், கூட எவ்வளவு சர்க்கரை வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நார்ச்சத்தும் புரதமும் இருந்தால் பதினோரு மணிக்கு வடை தேடமாட்டோம்.

அவளுக்கு நான் சொன்னது உங்கள் விதியையே. 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளில், 100 கிராம் திட உணவில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால்தான் 'குறைந்த சர்க்கரை' என்று போடலாம், 6 கிராமாவது நார் இருந்தால்தான் 'அதிக நார்ச்சத்து' என்று போடலாம் என்று நீங்களே வகுத்திருக்கிறீர்கள். எவ்வளவு நல்ல அளவுகோல்! இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கடையில் பெட்டியைத் திருப்பிப் பார் என்றேன். இப்போது சாதா ஓட்ஸ் வாங்குகிறாள். அந்தப் பெட்டியில் சேர்மானம் ஒன்றே ஒன்று: ஓட்ஸ். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நாளில் அதையும் காய்ச்ச முடியாது, தயிரில் ஊறவைத்துவிட்டுப் போகிறாள். பாக்கெட் உணவே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களிடம் புட்டு அவி, கஞ்சி காய்ச்சு என்று எந்த வாயால் சொல்வது?

சிறுதானியப் பெட்டிகள் இன்னொரு வருத்தம். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிய பிறகு எங்கள் கடைகளிலும் ராகி ஃப்ளேக்ஸ் வந்து அடுக்கியது. ராகி எங்களுக்குப் புதிது இல்லை. கேழ்வரகுக் கூழிலும் களியிலும் வளர்ந்த ஊர் இது, மேலே அட்டப்பாடி மலையில் ராகியும் சாமையும் விளைகின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் ராகிக்கு 364 மில்லிகிராம் கால்சியம், 11 கிராமுக்கு மேல் நார். அந்தப் பெயரை நம்பித்தான் வாங்குகிறோம். ஆனால் நான் திருப்பிப் பார்த்த ஒரு பெட்டியில் முதலில் நின்றது மக்காச்சோளம், இரண்டாவது சர்க்கரை, அப்புறம்தான் ராகி. சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது உங்கள் சட்டம், அதனால் எனக்குப் புரிந்தது. பாட்டிக்கு யார் சொல்வார்கள்? முன்பக்கத்தில் ராகிக் கதிரைப் பெரிதாகப் போடுகிறவர்கள், அதன் பக்கத்திலேயே உள்ளே எத்தனை சதவீதம் ராகி என்றும் அதே அளவு எழுத்தில் போடட்டும். வெல்லம், தேன், மால்ட் (முளைகட்டிய தானியச் சாறு) என்று பெயர் மாற்றி வருவதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்தே முன்னால் காட்டட்டும்.

மொழிக்கு வருகிறேன். உங்கள் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி விவரம் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழி நிறுவனத்தின் விருப்பம். எங்கள் சித்தூரில் தமிழும் மலையாளமும். ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம் நகரியிலும் குப்பத்திலும் இருக்கும் நம் ஜனங்களுக்குத் தமிழும் தெலுங்கும். இரண்டு எழுத்து தெரிந்தும் பெட்டி முன்னால் ஊமையாக நிற்கிறோம். விற்கும் மாநிலத்தின் மொழியைக் கட்டாயமாக்குங்கள். எல்லையில் எந்த மொழி என்று கேட்டால், அதற்கும் வழி உங்களிடமே இருக்கிறது. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயமாக இருக்கிறது, இன்றைக்கு அதை அறியாத வீடு உண்டா? எந்தப் பள்ளிக்கூடமும் போகாதவர்கூடப் பார்க்கிறார். அதேபோலச் சர்க்கரை மிகுந்த பெட்டிக்கு ஒரு கறுப்பு முத்திரை வையுங்கள். சிலி நாட்டில் 2016இலிருந்து எண்கோணக் கறுப்பு முத்திரை இருக்கிறது. முத்திரை விழுந்த பெட்டியில் பிள்ளைகளை மயக்கும் கார்ட்டூன் படம்கூடப் போட முடியாது.

2022 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட வரைவு, உணவின் நல்லது கெட்டதைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெட்டியின் முன்னால் நட்சத்திரம் போடும் முறையைச் சொன்னது. அது வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கொஞ்சம் நார், கொஞ்சம் பருப்பு சேர்த்தால் சர்க்கரையின் குறை அந்தக் கணக்கில் ஈடாகிவிடும். நட்சத்திரம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு. இரண்டு நட்சத்திரமானாலும் பரிசுதான். 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பைத் தடித்த எழுத்தில் காட்டும் யோசனைக்கு ஒப்புதல் தந்தீர்கள் என்று படித்தபோது மைதானத்தில் எல்லாருக்கும் சொன்னேன். இப்போது என் மேஜைமேல் இருக்கும் பெட்டியில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை.

அந்தப் பையன் இப்போது ராகிக் கஞ்சியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு வருகிறான், பாட்டி முந்தின இரவே மாவைக் கரைத்து வைத்துவிடுகிறார். மற்ற பத்தொன்பது வீடுகளுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு நான் போகலாம், போவேன். கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை