புதுத் திரை வந்துவிட்டது

அன்புள்ள கௌரி,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? ராஜி வந்திருந்தாளாமே, வழக்கம்போல பஸ்ஸைத் தவறவிட்டுத்தானே வந்து சேர்ந்தாள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு வேலை வாங்க வேண்டும்.

ஸ்கேனருக்குள் இருப்பவருக்குப் படம் காட்டி, மூளையின் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று பார்க்கும் எங்கள் எம்.ஆர்.ஐ. ஆய்வகத்துக்குப் புதுத் திரை வந்துவிட்டது! இவ்வளவு காலமும் பழைய புரொஜெக்டரோடுதான் ஓட்டினோம். உள்ளே இருப்பது 3 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கு. சாதாரண புரொஜெக்டரை அந்த அறைக்குள் விட முடியாது. அது கண்ட்ரோல் ரூமில் இருந்துகொண்டு சுவரில் பதித்த குழாய் வழியாகப் படத்தை உள்ளே வீசும். ஸ்கேனருக்குள் மல்லாந்து படுத்திருப்பவர், கண்ணுக்கு மேல் சாய்த்து வைத்த கண்ணாடியில் அதைப் பார்ப்பார். இப்போது வந்திருப்பது காந்தத்தின் பக்கத்திலேயே நிற்கக்கூடிய எல்.சி.டி. திரை, 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்.

இதற்கு இத்தனை செலவா என்று கேட்டவர்கள் உண்டு. மூளையில் ரத்த ஓட்டம் கூடி உச்சத்துக்கு வரவே 5 நொடி போல ஆகிறது, மில்லிநொடிக்கு ஏன் அடித்துக்கொள்கிறாய் என்கிறார்கள். 1992-ல் பாஸ்டனில் குவாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிவப்பு ஒளியை நொடிக்கு 8 முறை மின்னவிட்டே, பார்வைப் புறணி (கண் பார்ப்பதைக் கையாளும் மூளைப் பகுதி) வேலை செய்வதைக் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் நாங்கள் பயந்த முகம் ஒன்றை 33 மில்லிநொடி காட்டிவிட்டு உடனே வேறு படத்தால் மறைக்கிறோம். 60 ஹெர்ட்ஸில் அது இரண்டே பிரேம், அதாவது திரை இரண்டு முறை புதுப்பிக்கும் நேரம். ஒரு பிரேம் பிசகினால் 50 மில்லிநொடி. முகம் வந்ததே தெரியாமல் இருக்க வேண்டியவருக்கு அது தெரிந்துவிடும்.

வெளிச்சத்தின் கதை இன்னும் மோசம். பழையதில் விளக்கு நாளாக நாளாக மங்கும். போதாததற்கு, இருட்டான படம் வந்தால் தானே விளக்கைத் தணித்துக்கொள்ளும் வசதி வேறு. வீட்டில் சினிமா பார்க்க நல்லது, எங்களுக்கு விஷம். புதுத் திரையின் மூலையில் போட்டோடையோடை (ஒளியை உணரும் சிறு கருவி) கறுப்பு டேப்பால் ஒட்டி, அதன் மின்சைகையை ஆஸிலாஸ்கோப்பில் வரைகோடாகப் பார்த்தேன். ஸ்கேனர் படமெடுக்கும்போது அனுப்பும் டிரிகர் என்ற சைகை வந்ததும் வெள்ளைக் கட்டம் தோன்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே தாமதத்தில், துளி பிசகாமல் தோன்றியது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அப்புறம் காமா திருத்தம், அதாவது கொடுக்கும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் வெளிச்சம் வரச் செய்வது. 255-க்கு 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்றுதானே நினைப்பாய்? காமா 2.2 உள்ள திரையில் கால்வாசிகூட வராது. ஒளிமானியால் படிப்படியாக அளந்து, படங்களைக் காட்டும் சைக்டூல்பாக்ஸ் மென்பொருளில் திருத்த அட்டவணையை ஏற்றினோம்.

இனிதான் என் கவலை. எங்கள் ஆய்வு பாதி வழியில் நிற்கிறது. அதே ஆட்கள்தான் வருஷா வருஷம் வருகிறார்கள். இதுவரை பழைய திரை, இனிமேல் புதுத் திரை. படத்தின் கான்ட்ராஸ்ட் கூடினாலே பார்வைப் புறணியின் துலங்கலும் கூடும். அடுத்த ஸ்கேனில் ஒருவரின் மூளையில் மாற்றம் தெரிந்தால், அது அவருக்கு வயதானதாலா, நாங்கள் திரையை மாற்றியதாலா? கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்கிறார்கள். பழையதும் புதியதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்காமல் எதை வைத்துச் சரிக்கட்டுவது? ஸ்கேனரின் அந்த இரைச்சலில், தலையை அசைக்காமல் ஒரு மணி நேரம் படுத்திருக்கிறார்கள் கௌரி. அறுபது வயதைத் தாண்டியவர்களும் அதில் உண்டு. அவர்கள் தந்ததை இப்படிக் குழப்பிவிட எனக்கு மனசு வரவில்லை.

பழைய புரொஜெக்டரை இப்போதே கழற்றாமல், சிலரை இரண்டிலும் ஸ்கேன் செய்யலாம் என்று கேட்டிருக்கிறேன். புதுத் திரையின் வெளிச்சத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, படம் கண்ணில் விழும் கோணத்தையும் ஒன்றாக வைத்துவிடுவேன். எத்தனை பேர் போதும்? பாதிப் பேருக்குப் பழையதை முதலிலும் மற்றவர்களுக்குப் புதியதை முதலிலும் காட்டினால் சரியா? ஸ்கேனர் நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும், அதனால் தாராளமாகச் சொல்லிவிடாதே. புள்ளியியல் வகுப்பில் என் விடைத்தாளைத் திருத்திய அதே கறாரோடு சொல்.

கழற்ற ஆள் மாதக் கடைசியில் வருகிறார். அதற்குள் பதில் போடு. எழுதச் சோம்பலாக இருந்தால் ராத்திரி 9 மணிக்கு மேல் போன் செய்.

அன்புடன்,
மல்லிகா