தம்பியோடு ஒருக்கால் கதை

வட்டக்கச்சி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

நான் சுகம். இங்கே விடாமல் மழை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் ஏறுகிறது, கதவு திறப்பார்கள் என்று கதை. காலபோகப் பயிர் பரவாயில்லை. தம்பியோடு கடைசியாக எப்போது கதைத்தாய்?

அறிவியல்நகரில் விவசாயம் படிக்கும் உன் சின்ன மச்சாள் போன கிழமை வந்து, உன் ஆராய்ச்சிப் பக்கத்தைக் கைபேசியில் காட்டினாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண். ஒன்றுக்கு மூன்று இலக்கம்! கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். என்ன ஆராய்ச்சி என்று ஊரில் கேட்டால், ஆண்களின் மலட்டுத்தன்மை பற்றியது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள். திருப்பட்டும்.

கொப்பன்ஹேகனில் ஸ்காக்கபெக்கின் ஆராய்ச்சிக் குழுவினர் 1992இல் எழுதியதைப் பற்றி நீ முன்பு விளக்கினாயே. 1940இல் ஒரு மில்லிலீற்றருக்கு 113 மில்லியனாக இருந்த சராசரி விந்தணு எண்ணிக்கை 1990இல் 66 மில்லியனாகக் குறைந்தது என்று. அதை ஏற்றவர்களும் மேற்கோள் காட்டினார்கள், கணக்கிட்ட விதம் பிழை என்று வாதாடியவர்களும் காட்டினார்கள். ஆனாலும் வாதாடியவர்கள் தரவைப் பார்த்தல்லவா வாதாடினார்கள். இங்கே ஒருத்தி சொன்னதை மற்றவள் எதையும் பாராமல் சொல்கிறாள். கலியாண வீட்டிலும் அதே கதை, சங்கக்கடையிலும் அதே கதை. யாரைப் பற்றி என்று உனக்குத் தெரியும்.

மருமகள் பிள்ளை வேண்டி இம்முறையும் கந்தசஷ்டி பிடித்தாள். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்திருக்கிறாள். யாழ்ப்பாணம் போய் இரத்தம் கொடுத்து, ஸ்கான் எடுத்து வந்ததும் அவள்தான். குறையில்லை என்று எழுதிக் கொடுத்த துண்டை அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறாள், ஒருவருக்கும் காட்டவில்லை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரில் ஆணிடமும் காரணம் இருக்கும் என்று சொன்னவள் நீதானே. அதை இந்த வீட்டில் யார் சொல்வது?

தம்பி வயலில் மருந்து அடிக்கிறான். கையுறை இல்லை, முகத்துக்கு ஒரு துணிகூட இல்லை. பம்ப் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருக்கும். டிபிசிபி என்ற புழுக்கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிலாளர்களைப் பற்றி நீ சொன்னது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று அவர்கள் ஒருவரோடொருவர் கதைத்ததால்தானே 1977இல் அந்த விஷயமே வெளியில் வந்தது. எங்கள் வயலில் அடிப்பது அந்த மருந்தல்ல, தெரியும். ஆனால் இவன் ஒருவரோடும் கதைக்கிறானில்லை. நான் வாயைத் திறந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

நீயும் ஏனம்மா இப்படி? உலகமே வாசிக்க எழுதுகிறாய், கூடப் பிறந்தவனுக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லையா? வேலை கூட என்பது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் எடு.

இன்னொன்று. நாங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் அவனுக்குக் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். மீசை அரும்பிய வயது. வீக்கம் கீழேயும் இறங்கியது. அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வயதில் வந்தால் விதையைத் தாக்கலாம், தாக்கினாலும் எல்லோரும் மலடாவதில்லை என்று நீ ஒருநாள் பொதுவாகச் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன், கவனித்தாயா? அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவளே உன்னோடு கதைத்திருப்பாள்.

ஒரு விந்துப் பரிசோதனைதான். ஊசிகூட இல்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் ஆகும், அதனால் ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது, மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கலாம் என்று அவனுக்குச் சொல். நீ சொன்னால் அது படிப்பு. நான் சொன்னால் குற்றம் சாட்டுவதாக எடுப்பான்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எடு, உனக்கு அப்போது பின்னேரம். அவன் வீட்டில்தான் இருப்பான். முதலில் பயிரைப் பற்றிக் கேள், கையுறையைப் பற்றிச் சொல், அப்புறம் மற்றதுக்கு வா. கூகைக்கட்டை நான் எழுதினேன் என்று சொல்லாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா