கயலுக்கு, டால்ஃபியின் தட்டைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய இசைத்தட்டு சென்ற செவ்வாய்க்கிழமை கீறல் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தது. மொத்தம் 300 தட்டுகளில் இது 41-ஆவது என்று பின்பக்கம் உன் கையெழுத்தில் இருந்ததைப் படித்த அம்மா, ஒரு நாள் முழுவதும் அதைப் பூஜை அறையில் வைத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். எந்தக் கம்பெனியின் தயவையும் எதிர்பார்க்காமல், நீங்கள் நால்வரும் கைக்காசைப் போட்டுத் தட்டு அச்சடித்து, உறையையும் நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். 1967-இல் நெதர்லாந்தில் ஜாஸ் கலைஞர்களான மிஷா மெங்கல்பெர்க்கும் ஹான் பென்னிங்கும் வில்லெம் பிராய்கரும் ஐ.சி.பி. என்ற பெயரில் தங்கள் தட்டுகளைத் தாங்களே வெளியிடத் தொடங்கியதை உனக்குக் கதையாகச் சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன. என் மகளும் அந்த வழியில் நடக்கிறாள் என்ற பெருமை எனக்கு நிறைய உண்டு. அதை நேரில் சொல்லலாம் என்றால், மூன்று வாரமாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் பாஸ் கிளாரினெட்டில் நீ அடியிலிருந்து மேலே ஏறும்போது, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்று அசைகிறாயே, அதை நான்கு முறை முள்ளை எடுத்து வைத்துக் கேட்டேன். பறவைகளின் சுரங்கள் நம் சுரங்களுக்கு இடையில் இருக்கின்றன என்றும், இந்திய இசையிலும் அப்படி ஒன்று உண்டு என்றும் 1962-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி ஒரு பேட்டியில் சொன்னார் அல்லவா? அந்த நினைவில், உன் தட்டு முடிந்த கையோடு அவருடைய 'லாஸ்ட் டேட்' தட்டைப் போட்டேன். 1981-இல், மூர் மார்க்கெட் எரிவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், அங்கே பழைய தட்டுக் குவியலிலிருந்து எடுத்த அதே தட்டுதான். 1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வெர்சமில் பதிவானது. அதே மெங்கல்பெர்க் பியானோ, அதே பென்னிங்க் டிரம்ஸ். முடிவில் டால்ஃபியின் குரல் வரும்: இசை கேட்டு முடிந்ததும் காற்றில் போய்விடுகிறது, அதைத் திரும்பப் பிடிக்கவே முடியாது என்பார். ஒன்பது வயதில் நீ, "பிடித்துத்தானே வைத்திருக்கிறார்கள், அப்பா?" என்று கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதிவுக்குப் பிறகு இருபத்தேழு நாட்கள்தான் அவர் உயிரோடு இருந்தார். குடியோ போதைப் பழக்கமோ இல்லாத மனிதர். வாசிக்கப் போன ஊரில் உடம்பு முடியாமல் விழுந்தார். சர்க்கரை நோய் இருப்பது அவருக்கே தெரியாது. அந்த ஊர் பெர்லின். அவருக்கு வயது முப்பத்தாறு.

வரும் மாதம் உனக்கு முப்பத்தாறு முடிகிறது. வேளைக்குச் சாப்பிடு, கயல். கச்சேரி முடிந்து நள்ளிரவில் சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளாதே. தட்டோடு நீ அனுப்பிய கச்சேரிக் காணொளியை அம்மா ஒரு முறை பார்த்தாள், நான் பலமுறை பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் ஐந்து முறை தண்ணீர் குடிக்கிறாய். கையை உயர்த்தும்போது கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறது. போன ஆண்டு அதே கடிகாரம் மணிக்கட்டில் தடம் பதிய இறுக்கமாக இருந்தது. பாட்டியின் கடைசி மூன்று ஆண்டுகளை நீ அருகிலிருந்து பார்த்தவள், உனக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன்.

டால்ஃபிக்காக அவருடைய பெற்றோர் லாஸ் ஏஞ்சலஸில் வீட்டின் பின்புறம் சாதகம் செய்ய ஓர் அறை கட்டிக்கொடுத்தார்கள். நம் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு உனக்கு அறை கட்டியபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மகன் போன பிறகு அவருடைய புல்லாங்குழலையும் பாஸ் கிளாரினெட்டையும் அந்தத் தாய் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனிடம் கொடுத்தார். இந்தச் செய்தியை நான் எத்தனையோ பேரிடம் கோல்ட்ரேனின் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தாயின் கையை இந்த வாரம்தான் நினைத்துப் பார்த்தேன்.

உன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை நீ என்னிடம் மறைக்கிறாய் என்று கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குச் சர்க்கரை வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நீ விடுமுறையில் வரும்போதெல்லாம் மாத்திரை அட்டைகளை டால்ஃபியின் 'அவுட் டு லன்ச்' உறைக்குள் செருகி வைத்தேன். அந்தத் தட்டு உன்னிடமே ஒன்று இருப்பதால் என்னுடையதைத் தொட மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். உறையின் அடி ஓரம் ஏன் பிரிந்திருக்கிறது என்று போன முறை நீ கேட்டபோது, மழைக்கால ஈரம் என்று பொய் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாக ஒரு தட்டின் மூலைகூட மடங்காமல் காத்தவன், அந்த உறையை என் கையாலேயே கிழித்தேன். நோயைச் சொன்னால் நீ கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்துவிடுவாய் என்ற பயம்தான் காரணம். குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று ஒரு மருத்துவர் உன்னைக் கேட்டால், பாட்டியை மட்டும்தானே சொல்லியிருப்பாய். அப்பாவுக்கும் இருக்கிறது என்று இனி சொல்.

அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் அனுப்புகிறேன். இன்று காலை வெறும் வயிற்றில் எனக்கு 168 இருந்தது. உனக்கு எவ்வளவு என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா